துளை முதலில், சூடு பிறகு

இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பேராலயத்தில் பழைய வானியல் கடிகாரம் ஒன்று இருக்கிறது. அதன் கீழே ஒரு மரக்கதவு, கதவின் அடிப்பகுதியில் ஒரு வட்டத் துளை. கடிகார இயந்திரத்துக்குத் தடவிய கொழுப்பைத் தேடி எலிகள் வந்தன. எலிகளுக்காகப் பூனை வந்தது. 1305 முதல் 1467 வரையிலான பேராலயக் கணக்கேடுகளில் பூனையின் சாப்பாட்டுக்கு வாரம் ஒரு பென்னி செலவு எழுதப்பட்டிருக்கிறது. கதவில் துளை போட்டது பின்னால், வில்லியம் காட்டன் பிஷப்பாக இருந்த காலத்தில் (1598–1621) என்கிறார்கள்.

பூனைத் துளையைக் கண்டுபிடித்தவர் ஐசக் நியூட்டன் என்றும், பெரிய பூனைக்கு ஒரு பெரிய துளையும் குட்டிக்கு ஒரு சின்னத் துளையும் போட்டார் என்றும் ஒரு கதை உலவுகிறது. மேதைகளும் அசடுகள்தான் என்று நம்ப நமக்கு ஆசை, அதனால் கதை நிலைத்துவிட்டது. நியூட்டன் பிறப்பதற்கு இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பே ஆங்கிலக் கவிஞர் சாஸர், வீட்டுப் பூனை நுழையும் பலகைத் துளை ஒன்றைத் தன் கதையில் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறார். யாரும் கண்டுபிடிக்க வேண்டியிராத சங்கதி அது. மரக்கதவும் ரம்பமும் பொறுமையிழந்த பூனையும் இருந்தால் துளை தானாக வந்துவிடும்.

இன்றைய பிரிட்டிஷ் வீடுகளில் அந்த மரக்கதவு இல்லை. சமையலறையைப் பின்பக்கம் நீட்டிக் கட்டி, தோட்டத்தைப் பார்த்த சுவரை அப்படியே எடுத்துவிட்டு, அங்கே மடிப்புக் கதவு போடுகிறார்கள். பைஃபோல்ட் என்று பெயர். மூன்று, நான்கு, ஐந்து கதவுகள் ஒன்றோடொன்று கீல்களால் கோக்கப்பட்டு, வெயில் நாளில் ஓரமாக மடிந்து ஒதுங்கும். ஓரத்தில் மெல்லிய அலுமினியச் சட்டம், மற்றதெல்லாம் தரையிலிருந்து தலைக்கு மேல்வரை கண்ணாடி. பழைய பின்வாசல் கதவு, அதிலிருந்த பூனை வழியோடு சேர்ந்து, குப்பைக்குப் போய்விட்டது. பூனை கண்ணாடியின் முன் உட்கார்ந்து கத்துகிறது.

கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டு இதில் ஒரு துளை போட்டுத் தர முடியுமா என்று கேட்டால், அவர் குனிந்து கண்ணாடியின் மூலையில் பொறித்த சிறு முத்திரையைப் படிப்பார். பிறகு முடியாது என்பார். வைரம் பதித்த துளைப்பான் அவருடைய வண்டியிலேயே கிடக்கும். கருவி இல்லாததால் அவர் மறுக்கவில்லை. அந்த மறுப்புக்குக் காரணம் கண்ணாடிக்குள் இருக்கிறது.

கண்ணாடியைப் பலவீனமான பொருள் என்று நினைக்கிறோம். அதன் அணுக்களின் பிணைப்பை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் அது எஃகோடு போட்டி போட வேண்டும். நடைமுறையில் ஜன்னல் கண்ணாடிக்கு அந்தக் கணக்கில் நூறில் ஒரு பங்கு பலம்கூடத் தேறுவதில்லை. ஏன் என்பதை ஃபார்ன்பரோவில் விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த ஏ.ஏ. கிரிஃபித் 1921-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். கண்ணாடியின் மேற்பரப்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள். தூசி பட்டாலும் துணி உரசினாலும் ஒரு கீறல் சேரும். கண்ணாடியை இழுக்கும்போது விசையெல்லாம் கீறலின் முனையில் குவிகிறது. அவர் கண்ணாடியை இழையாக நீட்டி இழுத்துப் பார்த்தார். இழை மெலிய மெலிய, ஒப்பளவில் பலம் கூடியது. பெரிய கீறலுக்கு மெல்லிய இழையில் இடமில்லை.

விசை எவ்வளவு குவியும் என்ற கணக்கு அதற்கு முன்பே தயாராக இருந்தது. இழுபடும் அகன்ற தகட்டில் வட்டத் துளை இருந்தால் அதன் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகும் என்று ஜெர்மனியில் கிர்ஷ் 1898-இல் காட்டினார். துளை பட்டாணி அளவானாலும் தட்டு அளவானாலும், தகடு அதைவிட வெகுவாக அகன்றிருக்கும் வரை, அதே மூன்று மடங்குதான். 1913-இல் கேம்பிரிட்ஜின் இங்லிஸ் நீள்வட்டத் துளைக்குக் கணக்குப் போட்டார். இழுவைக்குக் குறுக்கே கிடக்கும் நீள்வட்டத்தின் நீளம் அகலத்தைப் போல் பத்து மடங்கானால், முனையில் தகைவு 21 மடங்கு. மூலை கூராகக் கூராக எண் ஏறிக்கொண்டே போகும். மரக்கதவுக்கு நான்கு மூலை வைத்து வெட்டும் பூனை வழியைக் கண்ணாடிக்கு எப்போதும் வட்டமாக வெட்டுவது இதனால்தான். 1954-இல் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு நடுவானில் பிளந்து விழுந்த வழக்கிலும் குற்றவாளி இந்தக் கணக்கே. சதுர ஜன்னல்தான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். கடலிலிருந்து மீட்ட விமானத்தில் பிளவு தொடங்கிய இடம் பயணிகளின் ஜன்னலில் இல்லை. கூரையில் ஆண்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் மூலைக்கு அருகில் அது தொடங்கியிருந்தது.

கீறலை ஒழிக்க முடியாது. ஆனால் கீறல் வாய் திறக்காமல் பார்த்துக்கொள்ள முடியும். ஒரு வரிசைப் புத்தகங்களை இரண்டு கைகளாலும் பக்கவாட்டில் இறுக்கிப் பிடித்தால் வரிசை முழுவதையும் அப்படியே தூக்கிவிடலாம். அழுத்தம் இருக்கும்வரை இடைவெளி விழாது. கண்ணாடியின் மேற்பரப்பையும் இப்படி நிரந்தர அழுத்தத்தில் வைப்பதுதான் டஃபன்டு கண்ணாடியின் தந்திரம். தகட்டை ஏறத்தாழ 620 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, உலையிலிருந்து வெளியே வந்ததும் இரு பக்கமும் குளிர்காற்றைத் தாரைதாரையாக அடிக்கிறார்கள். வெளித்தோல் சில விநாடிகளில் இறுகிவிடுகிறது. உள்ளே இன்னும் இளக்கம். பிறகு உட்பகுதி குளிர்ந்து சுருங்கப் பார்க்கிறது, இறுகிப்போன தோல் இடம் கொடுப்பதில்லை. அந்த இழுபறி அப்படியே உறைந்து நிற்கிறது. தோலில் அமுக்கம், நடுவில் இழுவை.

தோலில் உள்ள அமுக்கம் பொதுவாக 90 மெகாபாஸ்கலை ஒட்டி இருக்கும். ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறக்குறைய 900 கிலோ எடையை ஏற்றிவைத்த மாதிரி என்று கணக்கு. நடுவிலுள்ள இழுவை அதில் பாதி. தோலிலிருந்து நடுவை நோக்கிப் போகப் போக அமுக்கம் குறைந்து, தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு ஆழத்தில் சுழியமாகி, அதற்கப்பால் இழுவையாக மாறும். 4 மி.மீ. தடிமனுள்ள தகட்டில் அந்த எல்லை ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 0.8 மி.மீ. ஆழத்தில் வருகிறது.

இப்போது துளைப்பானை வைத்துப் பாருங்கள். முதல் அரை மில்லிமீட்டர் வரை எதுவும் நடக்காமல் போகலாம், அமுக்கம் காப்பாற்றும். அதற்குமேல் கொஞ்சம் போனால் கருவியின் முனை இழுவைப் பகுதியைத் தொடுகிறது. அங்கே ஒவ்வொரு கீறலும் வாய் திறக்கக் காத்திருக்கிறது. கீறல் தொடங்கிய கணத்தில், உலையில் சேமித்த ஆற்றல் முழுவதும் அதைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறது. வேகம் விநாடிக்கு சுமார் 1500 மீட்டர். இரண்டு மீட்டர் உயரக் கதவை அடியிலிருந்து உச்சிவரை கடக்க ஒன்றரை மில்லிவிநாடிகூட ஆகாது. ஓடும் வழியில் கீறல் இரண்டிரண்டாகக் கிளைக்கிறது, கிளைகள் மறுபடி கிளைக்கின்றன. கடைசியில் தரையில் கிடப்பது கற்கண்டு அளவுத் துண்டுகளின் குவியல்.

இதை முதலில் ஆராய்ந்தவர்கள் ஜன்னலைப் பற்றி நினைக்கவே இல்லை. 1660-களின் தொடக்கத்தில் ருப்பர்ட் இளவரசர் சில விசித்திரக் கண்ணாடித் துளிகளை இரண்டாம் சார்லஸ் மன்னருக்குக் கொண்டுவந்து காட்டினார். உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்டவிட்டால் நீண்ட வாலுடன் கூடிய துளியாக இறுகும். அதன் தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. வாலை விரலால் முறித்தால் துளி முழுவதும் வெடித்துப் பொடியாகும். மன்னர் அதை ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். ராபர்ட் ஹூக் 1665-இல் வந்த ‘மைக்ரோகிராஃபியா’வில் அந்தத் துளிகளுக்கு ஓர் இயலே ஒதுக்கி, வெளிப்புறம் முந்திக் குளிர்ந்து இறுகுவதுதான் காரணம் என்ற விளக்கத்தை ஏறக்குறைய எட்டிவிட்டார். கீறல் ஓடுவதைக் கண்ணால் பார்க்க 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதிவேகக் கேமராவை வைத்து எஸ். சந்திரசேகரும் முனவ்வர் சவுத்ரியும் அந்த வேகத்தை அளந்தார்கள். உங்கள் வீட்டு மடிப்புக் கதவு, தட்டையாக்கப்பட்ட ருப்பர்ட் துளிதான்.

சில நேரம் யாரும் தொடாமலே நள்ளிரவில் இந்தக் கண்ணாடி வெடிப்பதுண்டு. பேயை வரவழைக்கத் தேவையில்லை. உருக்கும்போது கலந்துவிட்ட நிக்கல் சல்ஃபைடு துகள் ஒன்று பல மாதங்கள் கழித்துப் படிக அமைப்பை மாற்றிக்கொண்டு சற்றே வீங்கும். அது இழுவைப் பகுதியில் சிக்கியிருந்தால் அதுவே போதும்.

இத்தனை தொல்லை தரும் கண்ணாடியை ஏன் கதவில் போட வேண்டும்? மழுங்கிய சிறு துண்டுகளாக உடைகிறது என்பதற்காகத்தான். சாதாரணக் கண்ணாடி வாள்போன்ற நீளத் துண்டுகளாகப் பிளக்கும், கதவில் மோதிய குழந்தையின் கையைக் கிழிக்கும். இங்கிலாந்தின் கட்டட விதிகளில், கதவில் தரையிலிருந்து 1500 மி.மீ. உயரத்துக்குள் வரும் கண்ணாடி பாதுகாப்பாக உடையும் வகையாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. பூனை வழி வேண்டிய இடம் அந்த எல்லைக்குள் அடிமட்டத்தில் வருகிறது. பழைய வீட்டுச் சமையலறைக் கதவின் சாதாரணக் கண்ணாடியில் வட்டமாகக் கீறித் தட்டி எடுத்த வித்தை இங்கே செல்லாது.

ஆகவே வரிசையை மாற்ற வேண்டும். தொழிற்சாலையில் சாதாரணக் கண்ணாடியை அளவுக்கு வெட்டி, தண்ணீர் ஊற்றியபடி வைர முனையால் துளையிட்டு, துளையின் ஓரத்தைச் சாணை பிடித்துக் கீறல்களைத் தேய்த்துவிட்டு, அதன் பிறகே உலையில் ஏற்றுவார்கள். துளையின் உட்சுவரும் குளிர்காற்றில் இறுகி அமுக்கத் தோல் போர்த்திக்கொள்ளும். துளை முதலில், சூடு பிறகு. கதவில் ஏற்கெனவே இருக்கும் கண்ணாடியை வைத்துக்கொண்டு செய்யக்கூடியது எதுவுமில்லை. புதிதாக ஆர்டர் கொடுத்து மாற்றத்தான் வேண்டும்.

மாற்ற வேண்டியதும் ஒரு தகட்டை அல்ல. குளிர்நாட்டுக் கதவுகளில் இரட்டைக் கண்ணாடி. 4 மி.மீ. தகடு, 20 மி.மீ. இடைவெளி, மறுபடி 4 மி.மீ. தகடு என்று 28 மி.மீ. கனமுள்ள கட்டு பரவலானது. இடைவெளியில் ஆர்கான் நிரப்பியிருப்பார்கள், காற்றைவிட அது மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். சுற்றிலும் ஓர் இடைப்பட்டி, அதற்குள் ஈரம் உறிஞ்சும் ஜியோலைட் மணிகள். துளை வேண்டுமென்றால் இரண்டு தகடுகளிலும் ஒரே இடத்தில் போட்டு, துளையைச் சுற்றி வளையமாக இன்னொரு பட்டி வைத்து அடைக்க வேண்டும். அந்த அடைப்பில் ஊசி அளவு கசிந்தாலும் ஆர்கான் மெல்ல வெளியேறி ஈரம் உள்ளே வரும். ஒரு குளிர்காலத்தில் கண்ணாடிக்கு நடுவே, துடைக்க முடியாத இடத்தில், பனி படியும். பூனைக்காக மாற்றிய கண்ணாடிகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த உள்வளையத்தில்தான் என்பது என் சந்தேகம். ஓர் ஓரம் இருந்த இடத்தில் இப்போது இரண்டு ஓரம் அல்லவா?

இனி மடிப்பின் தொல்லை. மூன்று கதவுகள் வெளிப்பக்கமாக மடிவதாக வைத்துக்கொள்வோம். நிலையோடு கீலில் இணைந்தது ஒன்றாம் கதவு, தனியாகத் திறந்து மூடும் ஓரக்கதவு மூன்றாவது. மூன்றாவதைத் திறந்து இரண்டாவதன் மேல் சாய்த்தால் இரண்டின் வெளிமுகங்களும் ஒன்றையொன்று பார்க்கும். பிறகு இரண்டும் ஒன்றும் மடியும்போது உள்முகங்கள் சந்திக்கும். எல்லாம் மடிந்து நின்ற பிறகு எதன்மேலும் படியாத முகங்கள் இரண்டுதான், மூன்றாவதன் உள்முகமும் ஒன்றாவதன் வெளிமுகமும். மின்னணுப் பூனைக் கதவு கண்ணாடியிலிருந்து சில சென்டிமீட்டர் புடைத்து நிற்கும். அந்தப் புடைப்பு தவறான முகத்தில் வந்தால் கதவு மடியாது, அல்லது மடியும்போது எதிர்க் கண்ணாடியில் இடிக்கும். நடுக்கதவை விட்டுவிடுங்கள். ஓரக்கதவில் போடுங்கள், புடைப்பு வீட்டுக்குள் பார்த்திருக்கட்டும். வெளிப்பக்கச் சட்டத்தின் கனம் மடிந்த கதவுகளுக்கு இடையே உள்ள சந்தைவிடக் குறைவா என்று அளந்துவிடுங்கள். கதவுக்குப் பக்கத்தில் அசையாத கண்ணாடியோ செங்கல் சுவரோ இருந்தால் அதுவே நல்ல இடம். அதைக் கதவு விற்பவர் சொல்லமாட்டார்.

மின்னணு ஏன் வந்தது? வெறும் மடலைத் தொங்கவிட்டால் தெருப்பூனைகளும் உள்ளே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். முதலில் கழுத்துப் பட்டையில் காந்தம் கட்டினார்கள். எல்லாப் பூனைக்கும் காந்தம் இருந்தபோது அதுவும் பயனற்றுப் போனது. கேம்பிரிட்ஜ் பகுதியைச் சேர்ந்த இயற்பியலாளர் நிக் ஹில், பூனையின் தோலுக்கடியில் ஏற்கெனவே இருக்கும் மைக்ரோசிப்பையே சாவியாக்கினார். இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல், 20 வாரம் நிறைவதற்குள் பூனைக்குச் சிப் பொருத்துவது சட்டப்படி கட்டாயம். எனவே சாவி இல்லாத வீட்டுப் பூனை இனி இருக்கக் கூடாது.

அரிசியைவிடச் சற்றுப் பெரிய அந்தக் கண்ணாடிக் குழலில் பேட்டரி கிடையாது. ஒரு கம்பிச்சுருளும் 15 இலக்க எண்ணும் மட்டும். பூனைக் கதவின் வாயைச் சுற்றியிருக்கும் சுருள் விநாடிக்கு 1,34,200 முறை அலைவுறும் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அது சிப்பின் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்ட, சிப் விழித்து எண்ணைச் சொல்கிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்ட மின்தூண்டலுக்கு மேல் இதில் புதிய இயற்பியல் எதுவுமில்லை. சுருளைவிட்டு விலகிப்போனால் புலம் தூரத்தின் மும்மடியில் விழும், தூரம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்கு. அதனால்தான் பூனை தலையையும் தோளையும் உள்ளே விட்ட பிறகே தாழ் விடுபடுகிறது, அதனால்தான் சிறு சுரங்கம்போன்ற வாயும்.

இங்கே கண்ணாடிக்கு ஒரு நன்மை இருக்கிறது. செலவைக் குறைக்கச் சிலர் கதவின் கீழ்ப்பாதியைக் குறுக்குச் சட்டத்தால் பிரித்து, அதில் கண்ணாடிக்குப் பதில் நடுவில் நுரை வைத்த அலுமினியப் பலகையைப் போடுகிறார்கள். ரம்பத்தால் எப்போது வேண்டுமானாலும் அறுக்கலாம், உலை வேண்டாம். ஆனால் மாறும் காந்தப் புலத்துக்குள் உலோகம் வந்தால் அதில் சுழல் மின்னோட்டங்கள் கிளம்பிப் புலத்தை உறிஞ்சிவிடும். கதவு பூனையைப் பார்த்தும் பாராமல் இருக்கும். உலோகத்தில் பொருத்துவதானால் துளையைப் பெரிதாக வெட்டி, நடுவே பிளாஸ்டிக் வளையம் வைத்துச் சுருளை உலோகத்திலிருந்து விலக்க வேண்டும். கண்ணாடியில் இந்தப் பிரச்சினையே இல்லை.

குளிர் எவ்வளவு உள்ளே வரும் என்று கேட்பார்கள். 21 செ.மீ. விட்டமுள்ள துளையின் பரப்பு 0.035 சதுர மீட்டர். நல்ல இரட்டைக் கண்ணாடி இருந்த இடத்தில் ஒற்றைப் பிளாஸ்டிக் மடல் வந்தால், உள்ளும் வெளியும் 15 டிகிரி வித்தியாசமுள்ள நாளில் கூடுதலாக இழப்பது இரண்டு வாட்தான். கவலைப்பட வேண்டியது மடலின் ஓரத்தைப் பற்றி. அரை மீட்டர் சுற்றளவில் ஒரு மில்லிமீட்டர் சந்து இருந்து, விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் காற்று எதிரே வீசினால், விநாடிக்கு ஒன்றரை லிட்டர் குளிர்காற்று உள்ளே வரலாம். அதைச் சூடாக்க 27 வாட் தேவை. மடலின் தடிமனைப் பார்த்து வாங்காதீர்கள். ஓரத்துத் தூரிகைப் பட்டையையும், மடலை இழுத்து மூடும் காந்தத்தையும் பாருங்கள்.

கடைசியாக, பூனை. துளையை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதற்குப் பொதுவான பதில், மடலின் கீழ்விளிம்பு பூனையின் வயிற்று மட்டத்தில் இருக்கட்டும் என்பது. ஒடுக்கமான வழியைப் பூனை பொருட்படுத்துவதில்லை. அதன் காறையெலும்பு மற்ற எலும்புகளோடு பிணைக்கப்படாமல் தசையில் மிதப்பதால் தோள்கள் ஒடுங்கிக்கொள்ளும். தாழ்வான வழி வேறு. புடாபெஸ்டில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் பீட்டர் பொங்கிராட்ஸ் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், உயரமாக இருந்து அகலம் குறைந்த திறப்புகளுக்குள் பூனைகள் தயங்காமல் புகுந்தன, உயரம் குறைந்தபோது மட்டும் முன்கூட்டியே நிதானித்தன.

புதிய கதவைப் பழக்க மடலைச் சில நாள் திறந்தே கட்டிவையுங்கள், மறுபக்கத்தில் சாப்பாட்டை வையுங்கள். பூனையைத் தூக்கித் துளைக்குள் தள்ளிக் கற்றுக்கொடுக்காதீர்கள். உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக், கிர்ஷ் தன் துளைக் கணக்கை வெளியிட்ட அதே 1898-இல், பூனைகளைத் தாழ்போட்ட பெட்டிகளில் அடைத்து அவை வெளியேற எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கின்றன என்று அளந்தார். தாங்களாகத் தடுமாறித் தாழைத் திறந்த பூனைகள் மறுமுறை வேகமாகத் திறந்தன. கையைப் பிடித்து அவர் காட்டிக்கொடுத்த பூனைகளும், பக்கத்துப் பூனை திறப்பதை வேடிக்கை பார்த்த பூனைகளும் அதனால் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.